மின்னல் கப்பலும் ராம்தாஸும்: மேற்குக் கடற்கரை மறக்காத கதைகள்

மும்பையில் பிழைக்கும் நம்மவர்களுக்குப் பாவுச்சா தக்காவைத் தெரியாமல் இருக்காது. ஹார்பர் லைனில் டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கடலைப் பார்த்து நடந்தால் மீன் வாடையே வழி காட்டும். விடியற்காலையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஒன்பது கஜப் புடவையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிய கோலிப் பெண்கள் கூடைக்கு முன்னால் நின்று ஏலம் கூறுவார்கள். பொம்பில், வாவல், இறால் எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர்களும், ஆபீசுக்குப் போகும் முன் மலிவாக மீன் வாங்க வந்த குமாஸ்தாக்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

அந்தப் படித்துறையிலிருந்துதான் 1947-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி காலையில் ‘ராம்தாஸ்’ என்ற ஸ்டீமர் கிளம்பியது. அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ரேவஸ், அலிபாக் பக்கத்து மீனவர் வீடுகளில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், பெரியவர்கள் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னும் வடக்கே போனால், சவுராஷ்டிரா, கட்ச் கரைகளில் வேறொரு கப்பலின் பெயரைச் சொல்வார்கள். அது ‘விஜ்லி’. விஜ்லி என்றால் மின்னல், மின்சாரம். 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கப்பலைப் பற்றிய பாட்டு ஓயவில்லை.

இந்த இரண்டு கப்பல்களின் கதையையும் சேர்த்துப் படித்தால், மீனவர் கதைகளில் எவ்வளவு கற்பனை, எவ்வளவு உண்மை என்பது விளங்கும். அதோடு, படகில் ஏறும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது.

வைதரணி என்ற பெயர்

விஜ்லி என்பது மக்கள் வைத்த பெயர். கப்பலின் உண்மையான பெயர் ‘வைதர்ணா’.

வெஸ்டர்ன் லைனில் விரார் தாண்டிப் போகிறவர்கள் வைதர்ணா ஸ்டேஷனையும், அதை ஒட்டிய ஆற்றுப் பாலத்தையும் பார்த்திருப்பார்கள். மும்பை குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும் பங்கு அந்த ஆற்றின் அணைகளிலிருந்துதான் வருகிறது. அதே பெயர்தான் கப்பலுக்கும்.

ஆனால் நம் புராணத்தில் வைதரணி என்றால் வேறு பொருள். இறந்த உயிர் எமலோகம் போகும் வழியில் கடக்க வேண்டிய ஆறு அது. கப்பலுக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததே விதி என்று பிற்காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. கப்பல் கட்டிய வெள்ளைக்காரருக்கு அந்த நினைப்பு இருந்திருக்க நியாயமில்லை.

வைதர்ணா 1885-ல் ஸ்காட்லாந்தில் உள்ள கிரேஞ்ச்மவுத் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. சொந்தக்காரர்கள் பம்பாயைச் சேர்ந்த ஷெப்பர்ட் கம்பெனியார். நீளம் சுமார் 170 அடி, அகலம் 26 அடி. இன்றைய கணக்குக்கு அது சின்னக் கப்பல்தான். அதன் நீளம் நம் ரயிலில் இரண்டரை பெட்டிக்கு மேல் வராது.

ஆனால் அந்தக் கப்பலில் மின்சார விளக்கு எரிந்தது! பம்பாயில் டிராம் வண்டி மின்சாரத்தில் ஓடியதே 1907-ல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது வருஷம் முன்பு, மண்ணெண்ணெய் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் அறியாத கரை மக்கள், இரவுக் கடலில் ஜொலித்துக்கொண்டு போகும் கப்பலைக் கண்டு வாய் பிளந்து நின்றார்கள். ‘விஜ்லி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கட்ச்சில் உள்ள மாண்ட்வி துறைமுகத்துக்கும் பம்பாய்க்கும் இடையே அது ஓடியது. பயணம் சுமார் 30 மணி நேரம். கட்டணம் எட்டு ரூபாய்.

ஏன் கடல் வழி?

அவ்வளவு ஆபத்தான கடலில் ஏன் போனார்கள் என்று கேட்கலாம். தரை வழி அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்பதே பதில்.

கட்ச்சில் அப்போது ரயில் கிடையாது. அங்கே முதல் ரயில் ஓடியது 1905-ல். சவுராஷ்டிராவிலும் பல ஊர்களுக்கு ரயில் எட்டவில்லை. காந்திஜி தம் சத்திய சோதனையில் இதை எழுதியிருக்கிறார். ராஜ்கோட்டுக்கும் போர்பந்தருக்கும் இடையே ரயில் இல்லை. மாட்டு வண்டியில் ஐந்து நாள் பயணம். தோராஜி வரை வண்டியில் போய், அங்கிருந்து ஒரு நாள் மிச்சம் பிடிக்க ஒட்டகத்தில் ஏறினார் அவர். அது நடந்ததும் விஜ்லி மறைந்த அதே 1888-ம் ஆண்டில்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி காந்திஜி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அதற்கு இரண்டு மாதம் கழித்து விஜ்லி கடைசி முறையாக நங்கூரம் தூக்கியது.

பம்பாய்க்குப் போனால் வேலை உண்டு, வியாபாரம் உண்டு. 30 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கப்பலுக்குக் கூட்டம் வராமல் இருக்குமா?

கடைசிப் பயணம்

1888 நவம்பர் 8, வியாழக்கிழமை. தீபாவளி முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. குஜராத்திக் கணக்கில் புது வருஷம் பிறந்த ஐந்தாம் நாள். லாப பஞ்சமி என்று வியாபாரிகள் கடை திறந்து புதுக் கணக்குத் தொடங்கும் நல்ல நாள். பண்டிகைக்கு ஊருக்கு வந்தவர்கள் பம்பாய்க்குத் திரும்பும் நேரம். நம்மவர்கள் தீபாவளி முடிந்து நாகர்கோவில் எக்ஸ்பிரசில் முண்டியடித்து ஏறுவதை நினைத்துக்கொண்டால் அந்தக் கூட்டம் கண் முன் வரும்.

நண்பகலில் மாண்ட்வியிலிருந்து 520 பயணிகளுடன் கப்பல் புறப்பட்டது. துவாரகையில் மேலும் பலர் ஏறினார்கள். மொத்தம் 703 பயணிகள். மாலுமிகளையும் சேர்த்தால் 746 பேர் என்பது ஒரு கணக்கு, 741 என்பது இன்னொரு கணக்கு. கரையோரக் கதைகளில் இது 1,300 வரை ஏறிவிடுகிறது.

அடுத்து போர்பந்தரில் நிற்க வேண்டும். கடல் கொந்தளித்ததால் அங்கே நிற்காமல் பம்பாயை நோக்கி நேரே போய்விட்டது. மாலையில் மாங்ரோல் அருகே கப்பலைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். இரவில் மாதவ்பூர் பக்கம் பெரும் புயல் வீசியது.

மறுநாள் பம்பாயில் கப்பல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தேடப் போன கப்பல்கள் வெறுங்கையோடு திரும்பின. உடைந்த பலகையோ, ஓர் உடலோ எதுவும் கிடைக்கவில்லை. 700 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் தடயமே இல்லாமல் மறைந்துவிட்டது.

பாட்டு பிறந்தது

உடல் கிடைத்தால் கொள்ளி வைக்கலாம், அடக்கம் செய்யலாம். எதுவுமே கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? என்றைக்காவது வாசலில் வந்து நிற்பான் என்று காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்த வீடுகளில்தான் பாட்டுப் பிறந்தது.

கப்பல் மறைந்த பிறகு ‘விஜ்லி விலாப்’ என்ற பெயரில் ஒப்பாரிப் பாடல் நூல்கள் குஜராத்தியில் அச்சாகி வந்தன. ஜாம்நகர் கவிஞர் துர்லப்ராய் துருவ் எழுதியது அவற்றில் ஒன்று. மக்கள் வாயில் வேறு பாட்டுகளும் பரவின. நாட்டுப் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்த ஜாவேர்சந்த் மேகாணி, விஜ்லியின் பாட்டையும் தம் தொகுப்பில் சேர்த்தார். 1954-ல் குணவந்தராய் ஆசார்யா ஒரு நாவலே எழுதினார். சவுராஷ்டிராவில் ‘டாயரோ’ என்று சொல்லும் பாட்டுக் கச்சேரிகளில் இன்றும் விஜ்லியைப் பாடினால் கூட்டம் கண் கலங்கும்.

பாட்டோடு கதைகளும் வளர்ந்தன.

கப்பலில் 13 மாப்பிள்ளைகள் கல்யாணக் கோஷ்டியோடு போனார்களாம். ஒரே இரவில் 13 மணப்பெண்களின் வாழ்வு மண்ணாகிவிட்டதாம்.

பம்பாயில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதப் போன மாணவர்களும் அதில் இருந்தார்களாம். இந்தப் பகுதி நம் குமாஸ்தா நண்பர்களுக்கு உறைக்கும். அந்தக் காலத்தில் மெட்ரிக் தேறினால் ஒரு குடும்பமே தலை நிமிரும். பரீட்சை நடந்ததும் ஆமதாபாத், பம்பாய் என்ற இரண்டு ஊர்களில் மட்டும்தான். மகன் தேறி வருவான், சர்க்கார் உத்தியோகம் பார்ப்பான் என்று நம்பி எட்டு ரூபாய் கடன் வாங்கிக் கப்பல் ஏற்றிய தகப்பன்மார் எத்தனை பேரோ!

இன்னொரு கதை லேலி துரையைப் பற்றியது. அவர் போர்பந்தர் சமஸ்தானத்தைப் பிரிட்டிஷ் சர்க்கார் சார்பில் நிர்வகித்தவர். காந்திஜி படிப்புக்கு உதவி கேட்டுப் போனபோது, முதலில் பி.ஏ. தேறி வா என்று திருப்பி அனுப்பிய அதே லேலிதான். புயல் வருகிறது, கப்பலை எடுக்காதே என்று அவர் எச்சரித்தாராம்; கப்பல் தலைவன் கேட்கவில்லையாம். ஆனால் கப்பல் போர்பந்தரில் நிற்கவே இல்லை என்பதால் இந்தக் கதை பொருந்தவில்லை என்பது ஆராய்ந்தவர்கள் முடிவு.

பழி யார் மேல்?

பாட்டு முழுக்கக் கூப்பிட்டுப் புலம்புவது ஒரே ஒருவரை. அவர் பெயர் ஹாஜி காசம்.

கட்ச்சைச் சேர்ந்த செல்வந்தர், பம்பாய் அப்துல் ரஹ்மான் தெருவில் ஆபீஸ் வைத்திருந்தவர், மலபார் ஹில்லில் வசித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. ஒரு பக்கிரி அவருக்கு 99 கப்பல் கிடைக்கும் என்று வரம் கொடுத்தாராம். அந்தக் கணக்கில் கடைசிக் கப்பல் விஜ்லியாம். வரம் முடிந்தது, கப்பலும் முடிந்தது என்பது கதையின் நீதி.

கேட்கச் சுவையான கதைதான். ஆனால் உண்மை வேறு. கப்பல் ஹாஜி காசத்தின் சொத்து அல்ல; ஷெப்பர்ட் கம்பெனியின் சொத்து. கப்பலைச் செலுத்தியவர் காசம் இப்ராகிம் என்று சொல்லப்படுகிறது. பெயர் ஒற்றுமையால் ஒருவர் கதை இன்னொருவர் மேல் ஏறியிருக்கலாம். டிக்கெட் விற்றவர் முகம்தான் மக்களுக்குத் தெரியும். கம்பெனி முதலாளி முகம் தெரியாது. எனவே தெரிந்த முகத்தின் மேல் பழி விழுந்தது. 2010-ல் தோராஜியைச் சேர்ந்த ஒய்.எம்.சித்தல்வாலா இந்தக் கப்பலைப் பற்றி ஆராய்ந்து ஒரு நூலே வெளியிட்டார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கதை எது, நடப்பு எது என்று பிரிக்கும் வேலை மிச்சம் இருந்தது.

பம்பாய் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிட்டி வைத்தது. அந்தக் கமிட்டி பக்கிரியின் வரத்தைப் பற்றிப் பேசவில்லை. கப்பலில் பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை என்றது. உயிர் காக்கும் படகுகள் போதவில்லை, மிதவை உடைகள் போதவில்லை என்றது.

24 வருஷம் கழித்து, 1912 ஏப்ரலில் ‘டைட்டானிக்’ மூழ்கியபோது உலகமே பேசியது இதே குறையைத்தான். உயிர்ப் படகுகள் போதவில்லை! மாண்ட்வி, துவாரகை மக்கள் 1888-லேயே அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் பாடம் உலகத்தின் காதில் விழவில்லை.

கடல் மக்களின் கட்டுப்பாடு

கப்பல் கம்பெனிகளுக்கு இல்லாத கட்டுப்பாடு மீனவர்களுக்கு உண்டு.

சவுராஷ்டிராக் கரையில் கார்வா என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். மீன் பிடிப்பதும், பாய்க்கப்பல் செலுத்துவதும் அவர்கள் தொழில். கப்பலில் வேலை செய்பவரைக் ‘கலாசி’ என்பார்கள். நம் ரயில்வேயில் வழங்கும் கலாசி என்ற சொல் கடலிலிருந்து தண்டவாளத்துக்கு வந்ததுதான். கடலையே ‘தரியாலால்’ என்று தெய்வமாக வணங்குகிறவர்கள் அந்தக் கரையில் உண்டு. மாண்ட்வியில் ருக்மாவதி ஆற்றங்கரையில் இன்றும் மரக் கப்பல் கட்டுகிறார்கள்.

மும்பைக் கரையில் கோலிகள். இந்தத் தீவுகளின் பழங்குடி மீனவர் அவர்களே. மும்பை என்ற பெயர் வந்ததே அவர்கள் கும்பிட்ட மும்பாதேவியால். மழைக்காலம் தொடங்கியதும் கோலிகள் படகைக் கரையேற்றி, வலையைச் செப்பனிடுவார்கள். ஆவணி மாதப் பௌர்ணமி அன்று, அதாவது நம் ஆவணி அவிட்டத்தன்று, ‘நாரளி பூர்ணிமா’ கொண்டாடுவார்கள். பொன் காகிதம் சுற்றிய தேங்காயை ஊர்வலமாக எடுத்துப் போய்க் கடலுக்குக் கொடுப்பார்கள். சினம் தணிந்துகொள் தாயே என்று வேண்டுவார்கள். அதன் பிறகுதான் படகு இறங்கும்.

படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். ஆனால் தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலைக் கடைந்தெடுக்கும் மாதங்கள் அவை. மீன் முட்டையிடும் காலமும் அதுதான். இன்று அரசாங்கமே மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை போடுகிறது. தேங்காய்க்குப் பின்னால் இருந்தது அனுபவ அறிவு.

ஒன்றை மட்டும் அந்தக் கட்டுப்பாடு தடுக்கவில்லை. அரபிக் கடலில் புயல் வருவது வருஷத்தில் இரண்டு பருவம்: மழை தொடங்கும் மே, ஜூன் மாதங்கள் ஒன்று, மழை முடிந்த அக்டோபர், நவம்பர் மாதங்கள் மற்றொன்று. மழை நின்றது, கடல் அமைதியாயிற்று என்று நம்பிக் கிளம்பும் நேரத்தில்தான் இரண்டாவது பருவம் வரும். விஜ்லி மறைந்தது நவம்பரில். கொங்கண் கரையில் ‘ஜயந்தி’, ‘துக்காராம்’ என்ற இரண்டு ஸ்டீமர்கள் ஒரே நாளில் மூழ்கியதும் 1927 நவம்பரில்.

ராம்தாஸ்

அந்த இரண்டு ஸ்டீமர்களின் கம்பெனிதான் ராம்தாஸையும் ஓட்டியது. சுதேசி உணர்வில் தொடங்கிய கம்பெனி. கொங்கண் மக்கள் அதை ‘நம் கப்பல் கம்பெனி’ என்றே அன்போடு அழைத்தார்கள். மகான்களின் பெயரைக் கப்பலுக்கு வைத்ததால் ஏறுகிறவர்களுக்கும் ஒரு தைரியம். ராம்தாஸ் 1936-ல் இங்கிலாந்தில் கட்டப்பட்டது.

1947 ஜூலை 17-ம் ஒரு வியாழக்கிழமை. நம் ஊரில் ஆடி பிறக்கும் நேரம். மராட்டியர்களுக்கு ‘கடாரி’ அமாவாசை. அடுத்து வரும் சிராவண மாதம் முழுவதும் பலர் மது, மாமிசம் தொடமாட்டார்கள். அதற்கு முந்தைய கடைசி நாள் என்பதால், பெண்டாட்டி பிள்ளைகளோடு விருந்து சாப்பிட ஊருக்குப் போவார்கள். மில்லில் வேலை செய்யும் கொங்கண் தொழிலாளிகள், மீன் விற்றுத் திரும்பும் கோலிகள், சின்ன வியாபாரிகள் என்று கப்பல் நிரம்பி வழிந்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. துறைமுகத்தின் உள்ளே தண்ணீர் ஒருவாறு அமைதியாக இருக்கும். வெளிக் கடலை நெருங்கியதும் மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. பெரிய அலை மேல்தளத்தில் ஏறியது. பயந்த ஜனங்கள் ஒரே பக்கமாக ஓடினார்கள். கூட்டம் நிறைந்த படகில் இதைவிட ஆபத்து வேறில்லை. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் கப்பல் நிமிராது. அடுத்த அலை வந்தது. கப்பல் கவிழ்ந்தது. காஸா பாறை என்று மீனவர்கள் அழைக்கும் கல் தீவுக்கு அருகே இது நடந்தது.

600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கப்பலில் வயர்லெஸ் கருவி இல்லை. நகரத்துக்கு இவ்வளவு அருகில் நடந்தும், பம்பாய்க்குச் செய்தி தெரிந்தது பிற்பகலில்தான். நீந்திக் கரை சேர்ந்தவர் சொல்லித்தான் தெரிந்தது என்பார்கள். அதற்குள் காப்பாற்ற வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

காப்பாற்றியவர்கள் மீனவர்கள். ரேவஸ் பக்கமிருந்து பம்பாய் மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றி வந்த கோலிப் படகுகள், தண்ணீரில் தத்தளித்தவர்களைக் கண்டன. படகில் இடம் வேண்டும் என்பதற்காக, விற்கக் கொண்டுவந்த மீனை அப்படியே கடலில் கொட்டிவிட்டு ஆட்களைத் தூக்கிப் போட்டார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு படகு மீன் என்பது பல குடும்பங்களின் பல நாள் சாப்பாடு. ராம்தாஸ் கதையில் கோலிகள் பெருமையோடு சொல்லும் இடம் இதுதான்.

அப்போது நாடு சுதந்திரத்தை எதிர்பார்த்திருந்தது. இன்னும் 29 நாள்தான் பாக்கி. பத்திரிகைகளில் பிரிவினைச் செய்தியும் டெல்லிச் செய்தியும் நிறைந்திருந்தன. ஆகஸ்ட் 15-ந் தேதி பம்பாயே விளக்கு வெளிச்சத்தில் மிதந்தபோது, கொங்கண் கரையில் எத்தனையோ வீடுகள் இருட்டாக இருந்தன.

செய்தி போய்ச் சேர்ந்ததா?

பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது.

2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிக் கடலில் ‘ஒக்கி’ புயல் உருவானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து மீனவர்கள் அப்போது ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர்கள் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள். எச்சரிக்கை வந்தபோது அதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. பலர் திரும்பவில்லை. விஜ்லி குடும்பங்களைப் போலவே, உடல் கிடைக்காமல் காத்திருந்த வீடுகள் குமரிக் கரையிலும் உண்டாயின.

தப்பியவர்களில் பலரைக் காற்று மகாராஷ்டிரக் கரைக்குக் கொண்டுவந்தது. கேரளாவின் 66 படகுகளும் தமிழ்நாட்டின் 2 படகுகளுமாக 68 படகுகளில் 952 மீனவர்கள் சிந்துதுர்க் மாவட்டம் தேவ்கட் துறைமுகத்தில் ஒதுங்கினார்கள். அதன் பிறகு, ஆழ்கடலில் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகளை மீனவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

மும்பையிலேயே 2024 டிசம்பர் 18-ந் தேதி, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா குகைக்குப் போன ‘நீல் கமல்’ என்ற படகின் மீது, கடற்படையின் வேகப் படகு ஒன்று மோதியது. 15 பேர் இறந்தார்கள். நூறு பேருக்கு மேல் ஏறியிருந்த அந்தப் படகில் பயணிகள் மிதவை உடை அணிந்திருக்கவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

1888-ல் கமிட்டி எழுதிய குறையே 2024-லும் பேசப்பட்டது!

கதை எதற்கு?

பாவுச்சா தக்காவிலிருந்து 2020 மார்ச் முதல் மாண்ட்வாவுக்குக் காரையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல் ஓடுகிறது. குளிர்சாதன வசதியும் உண்டு. பக்கத்திலேயே பழைய மாதிரி லாஞ்சுகளும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் லாஞ்சுகளை மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கோலிகள் தேங்காய் கொடுத்துக் கடைப்பிடித்த கட்டுப்பாடு இன்று சட்டமாகிவிட்டது.

விஜ்லியின் பாட்டு ஒரு மனிதர் மேல் தவறாகப் பழி போட்டது உண்மை. மாப்பிள்ளைகளின் எண்ணிக்கையும் பக்கிரியின் வரமும் மிகையாக இருக்கலாம். ஆனால் சர்க்கார் ரிக்கார்டில் ‘703 பயணிகள்’ என்று ஒரே எண்ணாகப் போனவர்களைப் பாட்டுதான் மனிதர்களாகக் காப்பாற்றி வைத்தது. அவர்களில் ஒருவன் மணமகன், ஒருவன் மாணவன், ஒருவன் பிழைக்கப் போனவன் என்று சொன்னது. கமிட்டியின் அறிக்கையை இன்று படிப்பவர் எத்தனை பேர்? பாட்டைக் கேட்பவர் ஆயிரம் பேர்.

இரண்டும் தேவை. இறந்தவர்களை மறக்காமல் இருக்கப் பாட்டு வேண்டும். இனி ஒருவர் இறக்காமல் இருக்க அறிக்கை வேண்டும்.

மும்பைக்கு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் நம்மவர்கள் முதலில் கூட்டிப் போவது கேட்வேக்கும் எலிஃபெண்டாவுக்கும்தான். படகில் ஏறியதும் ஆரஞ்சு நிற உடையை நீட்டுவார்கள். வேர்க்கிறது, போட்டோவுக்கு நன்றாக இல்லை என்று அதைக் கழற்றி ஓரத்தில் வைப்பவர்கள் உண்டு. அப்படி வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு முதலில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு நீங்களும் மாட்டிக்கொள்ளுங்கள். உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம் இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள். அரை மணி தாமதத்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.